புதிய பாட்டும் பழைய கடனும்

கதையையும் கவிதையையும் தரம் பிரித்துக் காட்ட நம்மிடையே விமர்சகர்கள் இருக்கிறார்கள். பாட்டுக்கு அப்படி எவரும் இல்லை. ஒரு காலத்தில் வானொலி நிலையத்தாரும் இசைத்தட்டுக் கம்பெனியாரும் மக்கள் கேட்க வேண்டிய பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் சினிமா முதலாளிகள் தேர்ந்தெடுத்தார்கள். இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் தொலைபேசி, இதுவரை எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கை வைத்து அடுத்த பாட்டை எடுத்துக் கொடுக்கிறது. அதிகம் விற்ற சரக்கே மேலும் விற்கும் என்ற கடைத்தெரு நியாயம் இசைக்கும் வந்துவிட்டது. இந்த நிலையில் நல்ல புதுப் பாட்டு எது, அதை யாருக்கு, எந்தக் காரணத்தால் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஆராய்வது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உரிய பணியென நாம் கருதுகிறோம்.

சினிமாவின் தயவை நாடாமல் இளைஞர்கள் தாமே எழுதி, மெட்டமைத்து, பாடி வெளியிடும் பாடல்கள் சுயாதீன இசை என்று வழங்கப்படுகின்றன. கிற்றாரும் பறையும், ராப்பும் கானாவும், ரொக் இசையும் ஒப்பாரியும் அதில் கலந்து வருகின்றன. இது முன்பின் இல்லாத முயற்சியன்று. நமது நாட்டிலேயே 1960களிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில் தமிழ்ப் பொப் பாடல்களைப் பாடி மக்கள் செல்வாக்குப் பெற்றனர். ஆயினும் 'சுயாதீனம்' என்ற சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. யாரிடமிருந்து சுயாதீனம்? சினிமா முதலாளியிடமிருந்து விடுபட்ட பாட்டு, சந்தையிடமிருந்து விடுபட்டுவிட்டதா? எந்த மக்களின் குரலை அது எடுத்துக்கொண்டதோ, அந்த மக்களுக்குத் தான் பட்ட கடனை அது ஒப்புக்கொள்கிறதா? இன்று உலகெங்கும் புகழ்பெற்ற தமிழ்ச் சுயாதீனப் பாட்டொன்றின் வேர் இலங்கைத் தோட்டத்து மண்ணில் இருப்பதால், இக்கேள்வியைத் தோட்டத்திலிருந்தே தொடங்குவோம். அதிலும், அதிகம் பேசப்படாத ஒரு மூலையான யட்டியாந்தோட்டையிலிருந்து தொடங்குவோம்.

மலையகம் என்றதும் ஹட்டனும் நுவரெலியாவும் தேயிலைக் கொழுந்துமே பலருக்கு நினைவு வருகின்றன. கேகாலை மாவட்டத்தில், களனி கங்கைப் பள்ளத்தாக்கில் உள்ள யட்டியாந்தோட்டைப் பகுதியோ தேயிலையோடு றப்பரையும் வளர்த்த பூமி. 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து வந்த றப்பர் நாற்றுகள் ஹேனரத்கொடையில் வேரூன்றிய பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பள்ளத்தாக்கின் சரிவுகளில் றப்பர் பரவியது. 1903ஆம் ஆண்டில் குறுகிய ரயில் பாதை யட்டியாந்தோட்டை வரை நீண்டது; 1942ஆம் ஆண்டில் அப்பகுதி மூடப்பட்டது. விளைபொருள் கொழும்புக்குப் போன வழி இவ்வாறு சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. அதை விளைவித்தவர்களின் பாட்டு அவ்வாறு பதிவாகவில்லை.

உழைப்பின் முறையே பாட்டின் முறையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு றப்பர்த் தோட்டம் நல்ல சான்று. கொழுந்து பறிப்பது கூட்டு வேலை. பெண்கள் நிரை பிடித்து நிற்கும்போது ஒருத்தி எடுக்கும் அடியை மற்றவள் தொடரலாம். கங்காணியைப் பற்றிய கேலியை அவன் காதில் விழும்படியே பாடலாம். றப்பர் மரத்தில் பால் வெட்டுவது தனியாள் வேலை. குளிர்ந்த நேரத்திலேதான் பால் நன்றாக வடியும் என்பதால் விடியற்காலையிலேயே மலைக்குப் போக வேண்டும். தனக்கு ஒதுக்கப்பட்ட மரங்களை ஒவ்வொன்றாக அடைந்து, பட்டையைச் சீவி, சிரட்டையைப் பொருத்தி, பின்னர் அதே வழியில் திரும்பி வந்து பாலை வாளியில் சேர்க்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. இந்த வேலையில் எதிர்க்குரல் கொடுக்க அருகில் ஆளில்லை. எனவே கூடிப் பாடும் பாட்டுக்கு இடம் லயம்தான்: பிள்ளைக்குத் தாலாட்டும், இழவு வீட்டில் ஒப்பாரியும், மாசி மாதத்தில் தப்பு முழங்கக் காமன் கூத்தும். தனிமையில் வெட்டிய பாலின் களைப்பு, இரவில் பலர் நடுவே குரலாகிறது.

இத்தகைய பாட்டுகளைத் தேடித் தொகுத்தவர்களில் முதன்மையானவர் ஸி. வி. வேலுப்பிள்ளை. 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், அடுத்த ஆண்டிலேயே தம் மக்கள் நாடற்றவராக்கப்படுவதைக் கண்டார். அவருடைய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983ஆம் ஆண்டில் நூலாயிற்று. குடியுரிமைப் பதிவேட்டில் இடம் மறுக்கப்பட்ட மக்களுக்கு அந்நூல் ஒரு பதிவேடாயிற்று எனலாம். ஆனால் நமக்குக் கிடைத்துள்ள தொகுப்புகளில் தேயிலை மலை பேசும் அளவுக்கு றப்பர்க் காடு பேசவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பாட்டு வெறும் புலம்பலாகவே நின்றதில்லை. 1930களில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டியபோது, அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் தாமே பாடினார். பாட்டுகளை அச்சிட்டுப் பரப்பினார். கேரளத்துத் தேவிகுளத்தில் 1958ஆம் ஆண்டு இடைத்தேர்தல் நடந்தபோது, பாவலர் வரதராசன் தம் தம்பிமாரோடு தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடையே கம்யூனிஸ்ட் வேட்பாளருக்காகப் பாடினார். அந்தத் தம்பிமாரில் ஒருவர்தான் பிற்காலத்து இளையராஜா. இவர்கள் எவருக்கும் கம்பெனியும் இல்லை, சந்தையும் இல்லை. சுயாதீன இசை என்ற பெயர் யாருக்கேனும் முழுமையாகப் பொருந்துமானால் இவர்களுக்கே பொருந்தும்.

இடதுசாரிகளாகிய நாம் மறக்கக் கூடாத இன்னொரு செய்தியும் யட்டியாந்தோட்டையோடு சேர்ந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைச் சமசமாஜக் கட்சி பாராளுமன்றத்தில் எதிர்த்தது. அக்கட்சியின் தலைவர் என். எம். பெரேரா, 1964ஆம் ஆண்டில் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினராகவும் நாட்டின் நிதி அமைச்சராகவும் இருந்தார். அவர் அங்கம் வகித்த அரசாங்கமே அவ்வாண்டு அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்று மனிதரைத் தலைக்கணக்கில் பங்கிட்டார்கள். லயத்துக்கு லயம் குடும்பங்கள் பிரிந்தன. திரும்பிச் சென்றோருக்கு வேலை தருவதற்கென்று 1968ஆம் ஆண்டில் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பலர் தமிழகத்தின் பல மூலைகளில் கூலிகளாகச் சிதறினர். அவர்களோடு அவர்களுடைய பாட்டும் கடல் கடந்தது.

அவ்வாறு கடல் கடந்த குரல்தான் 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டில் ஒலிக்கிறது. அறிவும் தீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் பெயரில் இசை வந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். மண்ணைப் பண்படுத்தியவரின் தாகத்தையும், மூதாதையர் விட்டுச்சென்ற பூமியின் உரிமையையும் பாட்டு பேசுகிறது. 'என் சாமி' என்பது பண்ணையாரின் முன் கூனி நின்றவன் சொன்ன சொல். அதுவே பாட்டி பேரனைக் கொஞ்சும் சொல்லும் ஆகும். அடிமைச் சொல்லைப் பாசச் சொல்லாக மீட்டெடுத்ததும், ஒப்பாரியின் இழுப்பை ராப்பின் வேகத்தோடு இணைத்ததும் இப்பாட்டின் வெற்றிகள். கதை தெரியாதவர் அதை ஆடுவதற்குரிய பாட்டாக மட்டும் கேட்டுவிட்டுப் போக இடமிருப்பது அதன் குறை.

பாட்டு வெளிவந்த பின் நடந்தவையும் விமர்சனத்துக்கு உரியவையே. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைச் சஞ்சிகை தன் அட்டையில் தீயின் படத்தை அச்சிட்டு, அறிவை விட்டுவிட்டது, கண்டனம் எழுந்தது. 2022ஆம் ஆண்டில் மெட்டு யாருடையது என்பது பற்றிக் கலைஞர்களே வெவ்வேறாகப் பேசினர். பாட்டின் வருமானம் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் கதி இதுவென்றால், அதற்கு ஊற்றாகிய லயத்து ஒப்பாரிக்காரியின் பங்கு என்ன என்று கேட்பவர் யார்?

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. தென்னாபிரிக்காவின் ஸூலுப் பாடகர் சொலமன் லிண்டா 1939ஆம் ஆண்டில் 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்து, அதன் உரிமையைச் சில ஷில்லிங்குகளுக்குக் கொடுத்துவிட்டார். வேறு பெயர்களில் அது அமெரிக்காவில் பெரும் பணம் ஈட்டியது. லிண்டா 1962ஆம் ஆண்டில் வறுமையில் இறந்தார். வழக்குத் தொடுத்த அவருடைய பெண்மக்களுக்கு 2006ஆம் ஆண்டிலேதான் ஓரளவு நியாயம் கிடைத்தது. றப்பர்ப் பாலைப் போலவே பாட்டும் தோட்டத்தில் வடிந்து, வேறிடத்தில் பண்டமாகி, விலை பெறுகிறது.

ஆகவே புதுப் பாட்டைப் பரிந்துரைக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது நம் முடிபு. இக்குரல் எவருடைய உழைப்பிலிருந்து வந்தது? அதைப் பாட்டு பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறதா? அம்மக்களிடம் அது திரும்பிச் செல்லத்தக்கதா? இவ்வளவுகோலால் நாம் இரண்டைச் சிறப்பாக எடுத்துச் சொல்வோம். ஒன்று, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் அரங்கேற்றம் கண்ட 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பாட்டுகள். அயோத்திதாச பண்டிதர் வழங்கிய சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயர் பெற்ற அக்குழு, கானாவையும் பறையையும் ரொக் இசைக் கருவிகளுக்குச் சமமாக மேடையேற்றியது. மற்றது, அறிவு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வள்ளியம்மா பேராண்டி' தொகுப்பு. கடனை அதன் தலைப்பே ஒப்புக்கொள்கிறது. இவற்றை வகுப்பறையில் கேட்கச் செய்து, ஸி. வி. யின் தொகுப்போடு ஒப்பிட்டுப் பேசுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் கேட்பதோடு வேலை முடிவதில்லை. சப்பிரகமுவத் தோட்டங்களைச் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்திருக்கின்றன. அங்குத் தமிழ்ப் பாட்டைக் காப்பது பக்கத்து மொழியைப் பகைப்பதாகாது. பால் வெட்டும் சிங்களத் தொழிலாளியின் பாட்டையும் சேர்த்துக் கேட்கும் வாய்ப்பு அங்கேதான் உண்டு. 2016 மே மாதத்தில் புளத்கொஹுப்பிட்டியக் களுபான தோட்டத்தில் மண் சரிந்து லயத்தின் மேல் விழுந்தது. அங்கு எழுந்த ஒப்பாரி நம் காதுக்கு வந்து சேரவில்லை. 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து, 200 ஆண்டு வரலாற்றை நினைவூட்டினார்கள். அந்த வரலாற்றைப் பாடத் தெரிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகிறார்கள்.

இன்று மாணவர் கையிலுள்ள கருவி பாட்டைக் கேட்கவும் உதவும், பதியவும் உதவும். விடுமுறையில் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரத்தினபுரித் தோட்டங்களுக்குச் செல்லும் மாணவர்கள் முதியோரின் சம்மதத்தோடு பாட்டுகளைப் பதிவு செய்யட்டும். பாடியவர் விரும்பினால் அவர் பெயரையும் ஊரையும் செய்த தொழிலையும் பாட்டின் பக்கத்திலேயே எழுதட்டும். பதிந்ததில் ஒரு பிரதியைத் தோட்டப் பாடசாலையில் வைக்கட்டும். அந்தப் பிள்ளைகளில் கிற்றார் எடுப்பவன் அதற்குப் புது மெட்டு அமைப்பான். தப்பு எடுப்பவள் புதுத் தாளம் கொடுப்பாள். அப்போது பிறக்கும் பாட்டை நாம் முதல் ஆளாக நின்று பரிந்துரைப்போம்.