முதல் ஆசிரியர் (குறுநாவல்): சோவியத் படிப்பும் கரிசல் வாசிப்பும்

‘முதல் ஆசிரியர்’ கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் (1928–2008) எழுதி 1962-இல் வெளிவந்த குறுநாவல். சோவியத் நூல்களைத் தமிழ்நாட்டில் விற்பனை செய்த நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகத் தமிழ் வாசகர்களை அடைந்தது. ஊரைவிட்டுப் போய்ப் படிப்பது பற்றிய கதை என்பதால், சோவியத் நாட்டில் படித்த நம் மாணவர்களோடு சேர்த்து இதனை வாசிக்கலாம்.

கதைச்சுருக்கம்

1924-இல் குர்குரேவு என்னும் மலையடிவாரச் சிற்றூரில், தூய்ஷேன் என்ற இளைஞன் பாழடைந்த குதிரை லாயத்தைச் செப்பனிட்டுப் பள்ளிக்கூடம் தொடங்குகிறான். அவனுக்கே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். குளிர்ந்த ஓடையைத் தாண்டப் பிள்ளைகளை முதுகில் சுமக்கிறான். பெற்றோரை இழந்த அல்தினாயைச் சித்தி கட்டாயமாக ஒருவனுக்குக் கொடுத்துவிட, அவளை மீட்டு தாஷ்கந்துக்குப் படிக்க அனுப்புகிறான். பின்னாளில் அவள் மாஸ்கோவில் பெரிய அறிஞராகிறாள். ஊரின் புதுப்பள்ளித் திறப்பு விழாவுக்கு அவள் சிறப்பு விருந்தினர். வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவரும் முதிய தபால்காரர் தூய்ஷேனுக்கோ அங்கே இருக்கை இல்லை.

சோவியத் படிப்பு

1960-இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு அதற்குப் பத்ரிஸ் லுமும்பாவின் பெயர் சூட்டப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் உதவித்தொகை பெற்று அங்கே படித்தனர். முதலாண்டு ரஷ்ய மொழி, பிறகுதான் பாடம். 1986-இல் போய் ஆயத்த ஆண்டையும் ஆறாண்டு மருத்துவப் படிப்பையும் முடித்தவர் 1993-இல் பட்டம் பெற்றிருப்பார். அதற்குள், 1991 டிசம்பரில், சோவியத் ஒன்றியமே கலைந்துவிட்டது. 1992 ஜனவரியில் விலைக்கட்டுப்பாடு நீங்கியதும் உதவித்தொகையின் மதிப்பும் கரைந்தது.

மதிப்பீடு

ஏழைப்பெண் படித்து முன்னேறிய கதை என்று பலர் இதைச் சுருக்கிவிடுகிறார்கள். சோவியத் அரசு விரும்பிய வாசிப்பும் அதுவே. கதையின் உயிர் அதில் இல்லை. அல்தினாய் விழா முடிந்ததும் வெட்கத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பிப்போய் எழுதும் கடிதத்தில் இருக்கிறது. தனக்குக் கிடைத்த மரியாதை இன்னொருவருக்கு உரியது என்கிறாள். புதுப்பள்ளிக்குத் தூய்ஷேன் பெயரை வைக்க வேண்டும் என்கிறாள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வாசகருக்கு இது எளிதில் விளங்கும். வானம் பார்த்த பூமியில் பிள்ளையைப் படிக்கவைப்பதே வெளியூர் அனுப்பத்தான். மாஸ்கோவானாலும் மதுரையானாலும் போனவர்களின் பெயர் ஊரில் நிற்கும். ஓராசிரியர் பள்ளியில் ‘அ’ எழுதக் கைபிடித்தவர் பெயர் நிற்பதில்லை.

குறையும் உண்டு. கதையின் பெரும்பகுதியில் அல்தினாயின் குரலே கேட்கிறது. இத்தனை ஆண்டுகள் தூய்ஷேன் என்ன நினைத்தார் என்பதை ஆசிரியர் சொல்லவேயில்லை. படித்தவர்கள் எல்லாம் தலைநகரிலேயே தங்கிவிட்டால் சிற்றூர் என்ன ஆகும் என்ற கேள்வியையும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். பள்ளிக்குப் பெயர் சூட்டுவது நன்றிதான்; ஆனால் அது பட்ட கடனைத் தீர்க்காது.

ஆயினும் படிக்கவைத்த நாடு மறைந்த பின்னும் இக்குறுநாவல் நிற்பதற்கு அந்தக் கடிதமே காரணம். மாணவர்கள் வாசிக்கும்போது அல்தினாய் அடைந்த பதவியைவிட, அவள் பட்ட வெட்கத்தைக் கவனிப்பது நல்லது.