கண்டறிய ஏதுமற்ற குற்றம்: அண்மைக்காலத் தமிழ் நாவல்களில் குற்றமும் விசாரணையும்

ஆய்வுச் சுருக்கம்

குற்றவாளி யார் என்னும் வினாவை எழுப்பி, அதற்கு விடை தருவதோடு நிறைவுறுவது துப்பறியும் நாவலின் அமைப்பு. அண்மைக்காலத் தமிழ் இலக்கிய நாவல்கள் சில கொலை, பழி, காவல் விசாரணை ஆகியவற்றையே பொருளாகக் கொண்டும் இவ்வமைப்பை ஏற்பதில்லை. அவற்றில் குற்றவாளி தொடக்கத்திலேயே அறியப்பட்டவராக இருக்கிறார். அல்லது அவரை அறிந்தும் நீதி கிட்டுவதில்லை. பூமணியின் ‘வெக்கை’யை முன்னோடியாகக் கொண்டு, மு. சந்திரகுமார், தேவிபாரதி, பெருமாள்முருகன், இமையம் ஆகியோரின் நாவல்களில் இம்மாற்றம் நிகழும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குற்ற நாவல், துப்பறியும் புனைவு, ஆணவக் கொலை, வாக்குமூலம், எல்லைப்புறம்.

முன்னுரை

தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே துப்பறியும் கதையும் தமிழுக்கு வந்துவிட்டது. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது 1879இல். அடுத்த பதினைந்து ஆண்டுகளில், 1894இல், பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இவ்வகைமைக்குப் பெரும் வாசகப் பரப்பை உருவாக்கினர். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் என அம்மரபு தொடர்ந்தது.

இம்மரபு முழுவதையும் தாங்கி நிற்பது ஒரு நம்பிக்கை. உண்மை மறைந்து கிடக்கிறது. அறிவுடைய ஒருவர் அதை வெளிக்கொணர்ந்தால் குலைந்த ஒழுங்கு சீராகிவிடும் என்பதே அது. ஊரறியச் செய்யப்படும் குற்றத்தின் முன் இந்நம்பிக்கை செயலற்றுப் போகிறது. யார் செய்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் இடத்தில் துப்பறிவாளருக்கு வேலை இல்லை. இவ்விடத்திலிருந்தே பின்வரும் நாவல்கள் தொடங்குகின்றன.

கொன்றவன் பக்கம் நின்று

பூமணியின் ‘வெக்கை’ (1982) துப்பறியும் கதையின் வரிசையைத் தலைகீழாக்கியது. பதினைந்து வயதுச் சிதம்பரம் வடக்கூரானைக் கொன்றுவிட்டான் என்பது தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அண்ணனின் கொலைக்கு நீதி கிடைக்காத நிலையே இக்கொலைக்குக் காரணம் என்பதும் விரைவில் தெரிந்துவிடுகிறது. எஞ்சுவது தந்தையும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் நாள்கள் மட்டுமே. துப்பறியும் நாவலில் தப்பி ஓடுபவர் துரத்தப்படும் பொருளாகவே காட்டப்படுவார். இங்கு அவர் பசிக்கிறார், சமைக்கிறார், உறவினரை எண்ணுகிறார். சட்டத்தின் பார்வையில் குற்றவாளியாகிவிட்ட சிறுவன் வாசகருக்கு ஒரு வீட்டுப் பிள்ளையாகவே தெரிகிறான். நீதிமன்றத்தை நோக்கிய இறுதி நகர்வு குற்றத்தைத் தீர்த்துவைக்கவில்லை. தீர்ப்பு என்னும் சொல்லின் மீது ஐயத்தை எழுப்பிவிட்டு நிற்கிறது.

தேவிபாரதியின் ‘நிழலின் தனிமை’ (2011) இத்தடத்தில் வேறொரு திசையில் செல்கிறது. தன் அக்காளைச் சீரழித்தவனைப் பழிதீர்ப்பதாகச் சிறுவயதில் சூளுரைத்த ஒருவன், பல ஆண்டுகள் கழித்துப் பள்ளி எழுத்தராக வந்த இடத்தில் அவனை எதிர்கொள்கிறான். பழிவாங்கும் கதைக்கு வேண்டிய எல்லாம் அமைந்துவிட்டன. எனினும் பகைவனின் குடும்பத்தோடு அவன் நெருங்க நெருங்க, பழி என்பது செய்ய வேண்டிய செயலாக இல்லாமல், வாழ்வதற்கான சாக்காக மாறிவிடுகிறது. பாதிக்கப்பட்டவளின் துயரைத் தன் அடையாளமாக்கிக்கொண்ட ஆணின் அறத்தையே நாவல் விசாரிக்கிறது. குற்றவாளியைத் தேடிச் சென்ற கதை, தேடியவனையே கூண்டில் நிறுத்துகிறது.

ஊரே குற்றவாளியாகும்போது

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013), அதே ஆண்டு சூலையில் தருமபுரியில் இருப்புப்பாதை அருகே இறந்து கிடந்த இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. சாதி கடந்து மணந்த சரோஜாவைக் குமரேசன் தன் ஊருக்கு அழைத்து வருகிறான். அவள் என்ன சாதி என்று ஊர் விடாமல் கேட்கிறது. நாவல் கடைசிவரை அதைச் சொல்வதில்லை. துப்பறியும் நாவலில் வாசகரிடமிருந்து மறைக்கப்படுவது கொலையாளியின் பெயர். இங்கு மறைக்கப்படுவது, கொலைக்குக் காரணமாக ஊர் கருதும் செய்தி. அதை அறிய விரும்பும் வாசகர் தம்மை அறியாமலே ஊராரின் கேள்வியைத் தாமும் கேட்டவராகிவிடுகிறார். இந்நாவலின் வலுவான இடம் இதுவே.

இதன் குறையும் கருதத்தக்கது. ஊரார் பெரும்பாலும் ஒரே குரலாக ஒலிப்பதால், ஒருவர் எப்போது, எந்த அச்சத்தால், எந்த ஆதாயத்துக்காகக் கும்பலின் உறுப்பாகிறார் என்பது போதிய அளவு புலப்படவில்லை. குமரேசனின் தாய் மாராயி இதற்கு விலக்கு. ஒப்பாரியாக நீளும் அவள் புலம்பலில் மகன்மீது கொண்ட பாசமும் மருமகள்மீது கொண்ட வெறுப்பும் பிரிக்க முடியாதபடி கலந்துள்ளன. பிறரும் இவ்வளவு நெருக்கத்தில் காட்டப்பட்டிருந்தால், இறுதியில் மூளும் தீ இன்னும் பல கைகளை அடையாளம் காட்டியிருக்கும்.

தீர்மானிக்க முடியாத சாவு

இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018) 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பொறியியல் படித்த ரேவதி பெற்றோரை எதிர்த்து ஆட்டோ ஓட்டுநரான ரவியை மணக்கிறாள். ஆண்டுகள் கழிந்து, தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். அவளே கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா என்னும் வினா, தீக்காயப் பிரிவின் வெளியே காத்திருப்போரின் பேச்சில் திரும்பத் திரும்ப எழுகிறது.

இறக்கும் நிலையில் உள்ளவர் தம் சாவின் காரணம் குறித்துச் சொன்னதை இந்தியச் சாட்சியச் சட்டத்தின் (1872) 32(1) பிரிவு சாட்சியமாக ஏற்றது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. சட்டம் அச்சொல்லில் ஓர் உறுதியான உண்மையை எதிர்பார்க்கிறது. இமையம் காட்டும் உண்மையோ அவ்வாறு ஒரு வாக்கியத்துக்குள் அடங்குவதன்று. மகளோடு பேசாதிருந்த தந்தையின் பிடிவாதம், மணவாழ்வின் அன்றாட வன்முறை, சாதியும் பணமும் வகுத்த மதிப்பீடுகள் ஆகிய அனைத்தும் அத்தீயில் பங்கு கொண்டுள்ளன. தீக்குச்சியை உரசியவர் யார் என்று தெரிந்தாலும் இவற்றுக்கு விடை கிடைப்பதில்லை. உரையாடலையே முதன்மை எடுத்துரைப்பு முறையாகக் கொண்டிருப்பது இதற்குப் பொருந்துகிறது: ஒவ்வொருவரும் சாட்சி, ஒவ்வொருவரும் எதிர்வாதி. சொன்னதையே சொல்லும் பேச்சு சில இடங்களில் வாசிப்பைத் தளர்த்துகிறது எனினும், மருத்துவமனையில் காத்திருப்போரின் பேச்சு அவ்வாறே அமையும் என்பதால் அதை முற்றிலும் குறையாகக் கொள்வதற்கில்லை.

காவல் கொட்டடியும் எல்லைப்புறமும்

மரணப் படுக்கையின் சொல்லை ஏற்கும் அதே 1872ஆம் ஆண்டுச் சட்டம், காவல் அதிகாரியிடம் தரப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று 25ஆம் பிரிவில் விலக்கியது. சட்டம் நம்ப மறுக்கும் அச்சொல்லுக்காக மனித உடல் வதைக்கப்படுவதை எழுதியது மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ (2006). 1983இல் ஆந்திரத்தின் குண்டூரில் அவர் பட்ட அனுபவத்தின் நாவல் வடிவம் அது. வெற்றிமாறனின் ‘விசாரணை’ திரைப்படத்துக்கு மூலமானது. துப்பறியும் நாவலில் உண்மையைக் கண்டறியும் இடமான காவல் நிலையம் இங்கு உண்மையை உற்பத்தி செய்யும் இடமாகிறது. மொழி வேறான ஊரில் பிழைக்க வந்த கூலிகள் என்பதே ஐயத்துக்குப் போதுமானதாகிறது.

இவ்வகையில் தமிழக-ஆந்திர எல்லைப்புறம் குற்ற நாவலுக்கு உரிய களமாகிறது. திருத்தணியை அடுத்த பொதட்டூர்பேட்டை நெசவை வாழ்வாகக் கொண்ட பேரூர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இடம். திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1960 ஏப்ரல் 1இல். அவ்வெல்லை உறவையும் தொழிலையும் பிரிக்கவில்லை. காவல் நிலையத்தையும் நீதிமன்ற மொழியையும் பிரித்தது. வேலை தேடியோ உறவு நாடியோ சில கல் தொலைவு கடக்கும் ஒருவர் வேறொரு மாநிலத்தின் விசாரணைக்கு உட்பட்டவராகிறார். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை இருபது பேரைச் செம்மரக் கடத்தல்காரர் எனக் கூறிச் சுட்டுக் கொன்றது. இறந்தோர் பெரும்பாலும் தமிழகத்தின் வடமாவட்டங்களைச் சேர்ந்த கூலிகள். சுட்டவர் யார் என்பதில் மறைபொருள் ஏதுமில்லை. ‘லாக்கப்’ திறந்த பாதையில் செல்லும் நாவலுக்கு இந்நிலப்பரப்பில் இன்னும் நிறைய இடமுண்டு.

முடிவுரை

இந்நாவல்கள் ஐந்தும் குற்ற நாவலின் பொருளை எடுத்துக்கொண்டு, அது தரும் ஆறுதலை மறுக்கின்றன. ‘வெக்கை’ கொன்றவனின் பசியைக் காட்டுகிறது. ‘நிழலின் தனிமை’ பழியுணர்வின் தன்னலத்தை. ‘பூக்குழி’ வாசகரின் உடந்தையை. ‘செல்லாத பணம்’ ஒற்றைக் காரணத்தின் போதாமையை. ‘லாக்கப்’ விசாரணையே குற்றமாவதை. இவற்றை வட்டார நாவல், சமூக நாவல் எனத் தனித்தனியே வகுத்துக் கற்பிக்கும்போது, துப்பறியும் மரபோடு இவை நிகழ்த்தும் உரையாடல் மறைந்துவிடுகிறது. ரங்கராஜு, சுஜாதா ஆகியோரின் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதே இவற்றின் மறுப்பு துலங்கும். வெகுசன எழுத்து எனத் தள்ளப்பட்ட அம்மரபும் நீதியைப் பற்றிய ஒரு சமூகத்தின் விருப்பத்தைப் பதிவுசெய்திருப்பது புலனாகும். அவ்விருப்பம் நிறைவேறாத இடங்களை எழுதியிருப்பதே இந்நாவல்களைப் படிப்பதற்குப் போதிய காரணம்.