எரிந்த சுவர்களுக்குள் நூலகம்

மாட்ரிட் நகரின் லாவாபியேஸ் பகுதியில், புனித ஜோசப் கலசான்ஸ் ஏழைச் சிறாரின் கல்விக்கென நிறுவிய சபையார் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கல்விக்கூடத்தின் ஆலயம், 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் மூண்டபோது தீக்கிரையாயிற்று. கட்டடக்கலைஞர் லினாசாசோரோ அவ்விடிபாட்டைத் தொலைநிலைப் பல்கலைக்கழகமொன்றின் நூலகமாக்கினார். பணி 2004இல் நிறைவுற்றது.

சிதைந்த செங்கற்சுவர்களுக்கு அவர் சாந்து பூசவில்லை. குவிமாடம் வீழ்ந்த வெளியை மரக்கூரையால் மூடி, ஒளியை மெல்ல இறங்கவிட்டார். இவ்வடக்கத்தையே நாம் பெரிதும் போற்றுகிறோம். வேலை செய்துகொண்டே பயில்வோர் மிகுந்த பல்கலைக்கழகம் அது. கலசான்ஸ் அங்கு வந்தால் அந்நியராக உணரார்.

ஆயினும் ஒன்று நம்மை உறுத்துகிறது. சிதைவு இங்கே மிக அழகாகிவிட்டது. ஏழையருக்குக் கற்பித்தோரின் ஆலயத்தின்மேல் அத்துணை வெறுப்பு மூண்டது ஏன் என்ற கேள்வியை அவ்வழகு எளிதில் மறக்கச் செய்கிறது.