கேட்கப்படாத நீக்கம்: ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ வானொலி நாடகத்தின் விற்பனைப் பதிப்பு – ஒரு மறுநோக்கு

முன்னுரை

டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ என்னும் அறிவியல் புனைவு நாடகத்தின் முதல் தொடர், 1978 மார்ச் 8 முதல் ஏப்ரல் 12 வரை பிபிசி ரேடியோ 4 இல் ஆறு பகுதிகளாக ஒலிபரப்பாயிற்று. நாவலும் தொலைக்காட்சித் தொடரும் திரைப்படமும் இதற்குப் பின்னரே தோன்றின. ஆயினும் இன்று பலருக்கு எளிதில் கிடைப்பது அந்த ஒலிபரப்பு அன்று; 1988 இல் ஒலிநாடாவாகவும் குறுந்தட்டாகவும் வெளிவந்த, ஓரிடத்தில் வெட்டப்பட்ட விற்பனைப் பதிப்பே ஆகும். இவ்விரண்டையும் ஒரே பாடமாகக் கொள்ளலாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆசிரியரின் மாற்றம்

இந்நாடகம் தொடக்கம் முதலே பல வடிவங்களில் வழங்கி வருவது. ஐந்தாம், ஆறாம் பகுதிகளின் உருவாக்கத்தில் ஜான் லாய்டும் பங்கேற்றார். அவற்றில் உருமாறும் இயல்புடைய ஹாகுனனான் உயிரினம் பற்றிய நிகழ்ச்சி இடம்பெறுகிறது. 1980 இல் வெளியான இரண்டாவது இசைத்தட்டு வடிவத்தில் ஆடம்ஸ் அதனை நீக்கி, ‘டிசாஸ்டர் ஏரியா’ என்னும் ராக் இசைக்குழுவின் விண்கலம் பற்றிய நிகழ்ச்சியை வைத்தார். இது படைப்பாளர் தம் படைப்பை மீண்டும் எழுதிய நிலை. ஒன்று நீங்கிய இடத்தில் மற்றொன்று அமைந்ததால், இரு வடிவங்களையும் ஒப்பிடுவோர்க்கு வேறுபாடு உடனே புலனாகும்.

பதிப்பின் நீக்கம்

விற்பனைப் பதிப்பின் மாற்றம் இத்தன்மையது அன்று. மூன்றாம் பகுதியில், மக்ரதியா என்னும் கோளில் பாத்திரங்கள் இறங்கிய சூழலில் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ இசை ஒலிக்கிறது. வானொலி மரபுக்குப் பழகியவர் அதனைப் பின்னணி இசை என்றே கொள்வர். சிறிது நேரத்தில், அது மார்வின் என்னும் எந்திர மனிதன் முணுமுணுக்கும் இசை எனத் தெரிகிறது. இக்காட்சி இசை உரிமைச் சிக்கலால் விற்பனைப் பதிப்பில் இடம்பெறவில்லை.

நீக்கத்தின் விளைவு

கதைப்போக்கு இதனால் குறைவுபடவில்லை எனலாம். ஆனால் ஒலிநாடகத்தைக் கதைப்போக்கால் மட்டும் அளவிடுதல் பொருந்தாது. பின்னணி இசை கேட்போர்க்கு உரியது; பாத்திரங்களின் காதில் அது விழாது என்பது ஒலிநாடகத்தின் எழுதப்படாத உடன்பாடு. அவ்வுடன்பாட்டைக் கேட்பவரின் நம்பிக்கையைக் கொண்டே இக்காட்சி உடைத்துவிடுகிறது. ஏமாறுவது பாத்திரம் அன்று, கேட்பவரே. மேலும், பிற காட்சிகளில் எவரும் பொருட்படுத்தாத சலிப்புக் குரலாக மட்டுமே வெளிப்படும் மார்வின், இங்கே ஒரு காட்சியின் ஒலியுலகம் முழுவதையும் தன்னுள் கொண்டவனாகிறான். இப்பாத்திரத்தின் வேறொரு முகம் வெட்டில் மறைந்துவிடுகிறது.

ஜெஃப்ரி பெர்கின்ஸின் குறிப்புகளுடன் 1985 இல் வெளிவந்த நாடகப் பிரதி நூல் இவ்விழப்பை ஈடுசெய்யுமா? அச்சில் படிப்பவர் இசையின் பெயரையும் அதனை எழுப்புபவரையும் அறிகிறார். ஆனால் ஏமாறும் அந்தச் சில நொடிகள் அவருக்கு வாய்ப்பதில்லை. செய்தி எஞ்சுகிறது, அனுபவம் எஞ்சவில்லை.

ஏட்டுச்சுவடியில் செல்லரித்த இடம் கண்ணுக்குப் புலப்படும். அச்சுப் பதிப்பாசிரியர் விடுபட்ட இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவார். ஒலிப்பதிவில் வெட்டி இணைத்த இடமோ செவிக்குப் புலனாவதில்லை. வெட்டு எவ்வளவு நேர்த்தியாக அமைகிறதோ அவ்வளவுக்கு அது சான்றினை மறைத்துவிடுகிறது.

முடிவுரை

உரிமைச் சிக்கலால் நேரும் நீக்கத்தைப் பதிப்பாளரின் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. நீக்கம் நேர்ந்ததை அறியாமல் விற்பனைப் பதிப்பைக் கேட்டு, ‘1978 ஒலிபரப்பு’ என மேற்கோள் காட்டுவதே ஆய்வில் நேரும் பிழை. அவ்வாறு செய்வோர், இந்நாடகம் தன் ஊடகத்தையே நகையாடிய ஓர் இடத்தை அறியாமலேயே அதன் ஒலி உத்திகளை மதிப்பிட நேரும். எனவே ஒலிநாடக ஆய்வுகள் தாம் கொண்ட வடிவத்தையும் அது வெளிவந்த ஆண்டையும் தெளிவாகச் சுட்டுதல் வேண்டும். ஒலிப்பதிப்புகளும் எந்தப் பகுதியில் எது நீக்கப்பட்டது என்பதை உறையிலேயே குறித்தல் வேண்டும். பாடவேறுபாடு காணும் நெறி எழுத்துக்கு மட்டும் உரியதன்று, ஒலிக்கும் உரியது.