இடக்கைக்கென்று பிறந்த ரைஃபிள்

போல்ட்-ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிளில் ஒருமுறை சுட்டபின் அடுத்த தோட்டாவை ஏற்ற நான்கு அசைவுகள் போதும். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே இறக்கினால் முடிந்தது. பழகிய கை இதை ஒரே சுழற்சியாகச் செய்துவிடும். கன்னம் மரக்கட்டையை விட்டு விலகாது, கண் குறியை விட்டு அகலாது, மறு கை துப்பாக்கியின் எடையைத் தாங்கியபடியே இருக்கும். ஆனால் இவ்வளவு அழகும் வலக்கைக்காரருக்குத்தான். இடது தோளில் கட்டையைப் பதித்துச் சுடுகிறவர் அதே ரைஃபிளை எடுத்தால், விசையிலிருந்து கையை எடுத்து, துப்பாக்கியின் முதுகுக்கு மேலே வளைத்து, அந்தப் பக்கம் இருக்கும் கைப்பிடியைத் தேட வேண்டும். கன்னம் எழும், குறி கலையும், காலித் தோட்டாக்கூடு முகத்துக்குக் குறுக்கே தெறிக்கும். அமெரிக்காவில் பழைய இடக்கை ரைஃபிள்களின் மறுவிற்பனை விலை ஏறிக்கொண்டே போவதைச் சேகரிப்பாளர்களின் மோகம் என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நான்கு அசைவுகளும் தடையின்றி ஓடுவதற்குத் தரப்படும் விலை அது. நியாயமான விலையும்கூட.

இடக்கைக்காரருக்கு நேரும் இந்தக் குறையின் வேர் ராணுவத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் ஓபெர்ன்டார்ஃபில் பால் மவுசர் உருவாக்கிய 1898ஆம் ஆண்டு வடிவம்தான் இன்றைய வேட்டை ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை. போல்ட்டின் முன்முனையில் இரண்டு பூட்டுப் பற்கள், பாதுகாப்புக்காகப் பின்பக்கம் மூன்றாவதாக ஒன்று, தோட்டாவின் விளிம்பைக் கவ்விக்கொண்டு அதை விடாமல் அறைக்குள் கொண்டுசேர்க்கும் நீண்ட எக்ஸ்ட்ராக்டர். நூறாண்டு கடந்தும் இதை மிஞ்சும் ஏற்பாடு அரிது. ஆனால் படைவரிசையில் எல்லோரும் ஒரே கையால் ஒரே அசைவைச் செய்ய வேண்டும். இடக்கைக்குத் தனி ரைஃபிள் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. உலகப் போர்களுக்குப்பின் படைகள் கழித்துவிட்டு, வேட்டைக்காரர்கள் மலிவாக வாங்கி இழைத்துச் சீராக்கிக்கொண்ட ரைஃபிள்கள் அத்தனையும் வலக்கை ரைஃபிள்கள். அமெரிக்கர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் வின்செஸ்டர் மாடல் 70, 1936 முதல் 1963 வரையிலான அதன் பழைய வடிவில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதன் பட்டியலில் இடக்கை வடிவம் என்று ஒன்று இருந்ததே இல்லை. வசதியுள்ள இடக்கைக்காரர்கள் கைதேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்து கைப்பிடியை மட்டும் இடப்பக்கம் மாற்றிக்கொண்டார்கள். அப்போதும் கூடு வெளியேறும் வாய் வலப்பக்கமே இருந்தது.

கைப்பிடியை மாற்றுவது வேறு, இடக்கை ரைஃபிள் செய்வது வேறு. போல்ட்டைத் திருப்பும்போது ஊசியின் சுருள்வில்லை அழுத்தி இறுக்கும் சரிவான வெட்டு எதிர்த்திசையில் சுழல வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் மறுபக்கம் அமர வேண்டும். போல்ட் அமரும் உடற்பகுதியான ரிசீவர் முழுவதும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் புரண்டாக வேண்டும். சேஃப்டி, போல்ட்டை நிறுத்தும் தடை, கன்னம் பதியும் மேடு எல்லாம் பக்கம் மாறும். குழலும் விசையும்தான் ஏறக்குறைய அப்படியே நிற்கும். எஃகை வெட்டும் கருவிகளும் பிடிச்சட்டங்களும் ஒவ்வொரு வெட்டுக்கும் தனித்தனியாகத் தேவைப்பட்ட காலத்தில் இது இரண்டாவது ஆலை போடுவதற்குச் சமம். 1958இல் வந்த சாவேஜ் மாடல் 110 அந்தத் தடையைத் தாண்டியது. நிக்கலஸ் ப்ரூவர் அதை எளிமையாகச் செய்யும்படி வடிவமைத்திருந்தார். குழலை ரிசீவரில் இறுக்க ஒரு நட்டு போதும். அதனால்தான் சாதாரணச் சம்பளக்காரர் வாங்கும் விலையில் இடக்கை வடிவத்தையும் தர முடிந்தது. வெதர்பி மார்க் 5, ரெமிங்டன் 700, ரூகர் 77 ஆகியவற்றின் இடக்கை வடிவங்களும் அததன் வேகத்தில் வந்தன.

பொருளாதாரம் தெரிந்தவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். இடக்கைக்காரர் பத்தில் ஒருவர்தான், வாங்குகிறவரும் குறைவு, விற்பனைக்கு வருவதும் குறைவு, பிறகு விலை ஏன் ஏற வேண்டும்? கேள்வி சரியானது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறையவில்லை. மேலே சொன்ன வரலாற்றினால், புழக்கத்தில் இருக்கும் ரைஃபிள்களில் இடக்கை ரைஃபிள்கள் பத்தில் ஒரு பங்குக்கு வெகு கீழே. வலக்கையால் எழுதினாலும் இடக்கண் ஓங்கியிருப்பதால் இடது தோளில் வைத்துச் சுடுகிறவர்களும் இந்தச் சந்தைக்குத்தான் வருகிறார்கள். கணினியால் இயங்கும் கடைசல் எந்திரங்கள் வந்தபின் கண்ணாடிப் பிம்பத்தை வெட்டுவது சிரமமில்லையே என்பது அடுத்த மறுப்பு. வெட்டுவது சிரமமில்லை, கிடங்கில் வைத்திருப்பதுதான் சிரமம். பத்து காலிபர், இரண்டு வகைக் கட்டை என்றால் இருபது சரக்கு. இடக்கையும் சேர்ந்தால் நாற்பது, அதுவும் பத்தில் ஒரு பங்கு வாடிக்கையாளருக்காக. எந்த முதலாளியும் இரண்டு மூன்று காலிபரோடு நிறுத்திக்கொள்வார். விரும்பிய காலிபர் புதிதாகக் கிடைக்காதவர் பழையதைத் தேடித்தான் போக வேண்டும்.

இதைவிட வலுவான மறுப்பு மேசையில் வைத்துச் சுடுகிறவர்களிடமிருந்து வருகிறது. முன்கட்டையைத் தாங்கி தாங்கிக்கொள்ள, இடக்கை விசையில் இருக்க, சும்மா இருக்கும் வலக்கை வலப்பக்க போல்ட்டை இயக்கினால் அது சௌகரியம் என்கிறார்கள். மேசைக்கு அது உண்மை. காட்டில், நின்றபடி சுடும்போது, அந்த வலக்கைதான் தாங்கி. அதை எடுத்தால் துப்பாக்கி சாயும். ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கு .375 காலிபர் ரைஃபிளை எடுத்துப் போகிறவருக்கு இரண்டாவது தோட்டாவின் தாமதம் உயிர் விஷயம்.

விலையேற்றம் எங்கே நிகழ்கிறது என்று கவனிப்பதும் முக்கியம். சாவேஜ், டிக்கா, ரூகர் அமெரிக்கன் போன்றவை இன்றும் இடக்கை வடிவில் புதிதாகக் கிடைக்கின்றன. நன்றாகவும் சுடுகின்றன. ‘இடக்கை’ என்ற சொல்லுக்கு மட்டும் மவுசு என்றால் இவற்றின் பழைய பிரதிகளும் எகிறியிருக்க வேண்டும். அப்படி எகிறவில்லை. ஏறுவது, செய்வதை நிறுத்திவிட்டவை. வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடப்படுவதற்குமுன் அங்கே செய்த மாடல் 70 கிளாசிக்கின் இடக்கை வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மவுசர் வழிவந்த அந்த நீண்ட எக்ஸ்ட்ராக்டர் எதிர்ப்பக்கம் படுத்திருக்கிறது. மூன்று நிலை சேஃப்டி இடது பெருவிரல் தானாகப் போய்ச் சேரும் இடத்தில் நிற்கிறது. கைப்பிடி மெல்ல வளைந்து வால்நட் கட்டையை ஒட்டி இறங்குகிறது. போல்ட்டைத் தள்ளினால் தோட்டா பெட்டியிலிருந்து எழுந்து, எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் வழுக்கிப் புகுந்து, மெல்லிய உரசலோடு அறைக்குள் போகிறது. மவுசரின் கருத்து ஏறத்தாழ நூறாண்டு கழித்து மற்றொரு கைக்கு முழுமையாக வந்து சேர்ந்த இடம் இது. வாங்குகிறவர் எதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கிறார்.

அப்படிப்பட்ட ரைஃபிளை மதிப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது கட்டையை. குழல் தேய்ந்தால் புதுக்குழல் போட்டுக்கொள்ளலாம். அது எந்தக் கைக்கும் பொதுவான உறுப்பு. இடக்கைக் கட்டை விரிசல் விட்டால் மாற்றுக்கட்டை செய்து விற்பவர்கள் வெகு சிலரே, அந்த ரிசீவருக்குப் பொருந்துவது இன்னும் அரிது. அதனால்தான் போல்ட் கைப்பிடிக்காக இடப்பக்கம் வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.