இரண்டரை வோல்ட் கறார் பேர்வழி

ரிச்சி தெருவில் வாங்கிய 12 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். அது. சிசிடிவி கேமராவுக்கு மாட்டுவார்களே, ஓட்டை ஓட்டையாகத் தகர உறை போட்டது, அதேதான். மல்டிமீட்டரை வைத்தேன்: 12.05. கார் பிரேக் லைட்டின் 21 வாட் பல்புகள் இரண்டை ஒவ்வொன்றாக மாட்டினேன். மேசை முழுக்க வெளிச்சம். மீட்டரோ 12.03-க்குக் கீழே இறங்குவேனா என்கிறது!

எங்கள் வீட்டுப் பழைய பேட்டரி எலிமினேட்டரைப் பார்த்து வளர்ந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். 12 என்று எழுதியிருக்கும். சும்மா இருந்தால் 16 காட்டும், வேலை கொடுத்தால் 10-க்குச் சரியும்.

அடுத்து, நண்பரிடம் இரவல் வாங்கிய டிம்மர்ஸ்டாட்டால் உள்ளே போகும் 230 வோல்ட்டை மெல்ல 110 வரை இறக்கினேன். வெளியே அதே 12. டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுச் சுருளில் ஆசிலாஸ்கோப்பை மாட்டியிருந்தேன். (மெயின்ஸ் பக்கம் கை வைக்காதீர்கள், உயிர் போகும்.) நான் குமிழைத் திருகத் திருக, உள்ளே சுவிட்சாக இருக்கும் மாஸ்ஃபெட் ஆன் ஆகியிருக்கும் நேரம் திரையில் கண்ணெதிரே அகலமாகிக்கொண்டே வந்தது. கத்தியேவிட்டேன்.

இத்தனைக்கும் காரணம், டிஎல்431 என்ற மூன்று கால் சில்லு. வெளியே வரும் 12 வோல்ட்டை 18 கே, 4.7 கே என்ற இரண்டு ரெசிஸ்டர்கள் பங்கு போட்டு அதனிடம் நீட்டுகின்றன. அதற்குத் தெரிந்த ஒரே அளவு, சுமார் 2.5 வோல்ட். பங்கு அதைத் தாண்டினால் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும்; ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் எல்.இ.டி. பிரகாசமாகும். எதிரே இருக்கும் ஃபோட்டோடிரான்சிஸ்டர் அதைப் பார்த்து, மாஸ்ஃபெட்டை இயக்கும் கன்ட்ரோலரின் ஃபீட்பேக் காலைக் கீழே இழுக்கும், பல்ஸ் குறுகும். பங்கு குறைந்தால் எல்லாம் தலைகீழ்.

அந்த ஆப்டோகப்ளர் இருக்கிறதே, அதற்குக் கோயில் கட்டலாம்! ஒரு பக்கம் ஆளைக் கொல்லும் மெயின்ஸ், மறுபக்கம் நாம் தொடும் 12 வோல்ட். செய்தி போகிறது, மின்சாரம் போகவில்லை. நடுவே ஓடுவது அகச்சிவப்பு ஒளி மட்டும். பிசி817 போன்ற நாலு கால் சில்லு 5,000 வோல்ட் வரை தாங்கும்.

திருத்தத்தில் அவசரப்பட்டாலும் ஆபத்து: கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து வெளியீடு ஊஞ்சலாடிவிடும். டிஎல்431-ஐ ஒட்டி ஒரு கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் "பொறு, பொறு" என்று அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

வெளியீட்டில் ஒரு துளியை எடுத்து உள்ளீட்டைத் திருத்தலாம் என்று 1927 ஆகஸ்டில், பெல் லேப்ஸ் வேலைக்குப் போகும் வழியில், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் ஹரால்ட் பிளாக்குக்குத் தோன்றியதாம். கையிலிருந்த செய்தித்தாளிலேயே வரைந்துவிட்டார். அவர் யோசித்தது டெலிபோன் ஆம்பிளிஃபயருக்கு. இன்று பலன் என் மேசை மேல்.

போன மாதம் தெரிந்தவர் ஒருவர் வேறொரு எஸ்.எம்.பி.எஸ். கொண்டுவந்தார். வெளியீட்டுக் கெபாசிட்டரின் தலை உப்பி வெடித்திருந்தது. நேராக, பங்கு போடும் ரெசிஸ்டர்களில் 12 வோல்ட் பக்கம் இருப்பதில் மீட்டரை வைத்தேன். திறந்துபோயிருந்தது! டிஎல்431-க்குப் போகும் பங்கு பூஜ்யம். கன்ட்ரோலர், பாவம், வெளியே வோல்ட்டே வரவில்லை என்று நினைத்து முழு மூச்சில் தள்ளியிருக்கிறது. புதுக் கெபாசிட்டர், கூடவே ஒரு ரூபாய்கூடப் பெறாத ரெசிஸ்டர். சுவிட்சைப் போட்டேன்.

12.05.