55 கிரெய்ன் மருந்து

மார்லின் 1895 லீவர் துவக்கைக் கையில் வைத்துக்கொண்டு, மானுக்கு 2,000 அடி வேகத் தோட்டா போடுகிறவர்களிடம் எனக்குப் பெரிய மனத்தாங்கல் உண்டு. விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வரும் எங்கள் கனடாப் பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கட்சிதான். அதன் 45-70 தோட்டா என்றால் பெருங்கரடியை நிறுத்த வேண்டுமாம். ஒன்ராறியோவில் அவர்கள் சுடுவதோ வெள்ளைவால் மானை.

என் விருப்பம் 405 கிரெய்ன் ஈயச் சன்னம், நொடிக்கு 1,300 அடி. ஏழரை இறாத்தல் துவக்கில் அதன் உதை, முழுமருந்துத் தோட்டாவின் உதையில் பாதிக்கும் குறைவு. தோள் அஞ்சாவிட்டால் விரல் விசையை வெடுக்கென்று இழுக்காது. வெடித்த பிறகும் கன்னம் கட்டையை விட்டு எழும்பாது. குறியில் கண் இருக்கும்போதே லீவர் போய்த் திரும்பிவிடும். லீவர் துவக்கை விரும்புகிறவனுக்கு இதைவிட வேறென்ன இன்பம்?

இதைக் கோழைகளின் மருந்து என்கிறவர்கள் 45-70 தோட்டாவின் பிறப்பைப் பார்க்கட்டும். 1870களில் அமெரிக்கப் படை அதை எடுத்தபோதே நீளத் துவக்குக்கு 70 கிரெய்ன் கருமருந்து, குதிரைப்படையின் குட்டைத் துவக்குக்கு 55 கிரெய்ன் என்று பிரித்துக்கொண்டது. சன்னம் இரண்டுக்கும் அதே 405. கோதின் அடியில் ‘ஆர்’ குத்தியிருந்தால் 70, ‘சி’ என்றால் 55. பழைய ஏலப் பட்டியலில் ‘சி’ முத்திரைக் கோதின் படம் வந்தால் எனக்கு அடுத்த பக்கம் போக மனம் வராது. அந்தக் குட்டைத் துவக்கின் குழல் 22 அங்குலம். 1998இல் மார்லின் கொண்டுவந்த கைடு கன்னின் குழல் 18.5 அங்குலம். குழலைக் குறைத்தவர்கள் மருந்தைக் கூட்டிவிட்டார்கள்.

வன்னியில் பெரியப்பாவின் இடியனுக்கு மருந்து மூங்கில் குழாயில் அளந்துதான் போகும். பன்றிக்கு ஒரு அளவு, மரைக்கு அதைவிடக் குறைவு. இன்று இங்கே மரையும் மானும் சட்டக் காவலில் இருக்கின்றன, இருக்கட்டும். 1850களில் நுவரெலியாவில் இருந்த வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் யானைக்கு நாலு அவுன்ஸ் குண்டு போட்டவர். அவரே மரையை நாய்களைவிட்டு மடக்கிக் கத்தியால் முடித்தார். பெருமருந்துக் கட்சியின் தலைவருக்கே மான் சாதிக்கு எவ்வளவு போதும் என்று தெரிந்திருந்தது.

“அப்ப 30-30 தோட்டா காணுமே, மாமா?” என்றான் மருமகன். காணும்தான். ஆனால் .458 அங்குல ஈயம் விரியாமலே போதிய அகலம் உடையது. மறுபக்கம் வெளியேறித் தடம் காட்டும், இறைச்சியும் கன்றாது. நூறு யார் தூரத்துக்கு அப்பால் சன்னம் சட்டென்று தாழும் என்பது உண்மை. அடர்காட்டில் அவ்வளவு தூரம் யாருக்குத் தெரிகிறது?

தானே தோட்டா நிரப்புகிறவன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெதுவாக எரியும் மருந்தைக் கோதின் அடியில் கொஞ்சமாகப் போடுவது ஆபத்து. இடத்தை நிரப்பும் பருத்த மருந்தாக டிரெயில் பாஸ் இருந்தது. அதுவும் அண்மை ஆண்டுகளில் கடைகளில் அகப்படுவதில்லை. வேகம் கூட்டிய தோட்டாப் பெட்டிகளுக்கு மட்டும் பஞ்சமில்லை.